மேல் மாகாணம் 43, வடக்கு 4: இந்த அட்டவணையை எப்படி வாசிப்பது?

கேள்வி இதுதான். இலங்கை மத்திய வங்கி வெளியிடும் மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்தி அட்டவணையைப் பார்த்தால், 2022இல் மேல் மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 43 சதவீதம், வட மாகாணத்தின் பங்கு 4 சதவீதத்தை ஒட்டி. அப்படியானால் கொழும்புக்காரர் யாழ்ப்பாணத்தவரைவிடப் பத்து மடங்கு வசதியானவரா? போர் முடிந்து இத்தனை வருடமாகியும் வடக்கில் ஒன்றும் நடக்கவில்லையா?

சுருக்கமான பதில்: பத்து மடங்கு இல்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கையும் வசதியின் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உற்பத்தி எந்த ஊரின் பெயரில் எழுதப்படுகிறது என்பதுதான் அதில் பெரும்பகுதி. நீண்ட பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் இந்த அட்டவணையைப் போல நேர்மையாகத் தயாரிக்கப்பட்டு இவ்வளவு தவறாகப் படிக்கப்படும் அட்டவணை வேறு இருக்குமா தெரியவில்லை.

முதலில் ஆட்களை எண்ணிவிடுவோம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாட்டில் 2 கோடியே 3 லட்சத்துச் சொச்சம் பேர். மேல் மாகாணத்தில் மட்டும் 58.5 லட்சம், வடக்கில் 10.6 லட்சம். அதாவது மக்கள்தொகையில் மேல் மாகாணம் 28.7 சதவீதம், வடக்கு 5.2 சதவீதம். உற்பத்திப் பங்கை மக்கள் பங்கால் வகுத்துப் பாருங்கள். 43ஐ 28.7ஆல் வகுத்தால் 1.5; 4ஐ 5.2ஆல் வகுத்தால் 0.77. நாட்டின் சராசரி 1 என்று வைத்தால் மேல் மாகாணத்து ஆள் ஒன்றரையில் நிற்கிறார், வடக்கின் ஆள் முக்காலில் நிற்கிறார். இடைவெளி இரண்டு மடங்கு. இந்த வகுத்தலில் ரூபாயும் வேண்டாம், டொலரும் வேண்டாம், பணவீக்கத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். அட்டவணையைக் கையில் எடுத்ததும் நான் செய்கிற முதல் வேலை இதுதான், பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, அந்த எண்ணுக்குள் எது போகிறது எது போகவில்லை என்று பார்க்க வேண்டும். மாகாண உற்பத்தி என்பது அந்த மாகாணத்து மக்கள் சம்பாதித்த காசு இல்லை. அந்த எல்லைக்குள் ஒரு பொருளின்மேல் ஏறிய மதிப்பு, அவ்வளவுதான். யார் உழைத்தார், லாபம் யார் வீட்டுக்குப் போனது என்று அது கேட்காது. எங்கே நடந்தது என்பதை மட்டும் கேட்கும்.

ஒரு கிலோ தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் விடிய எழுந்து கொழுந்து பறிக்கிறார்கள். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. பறிப்பது விவசாயக் கணக்கில் போகும். தோட்டத்துத் தொழிற்சாலையில் அதை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, தரம் பிரிப்பது கைத்தொழில் கணக்கில் போகும். இதுவரை நடந்த இரண்டும் மத்திய மாகாணத்தின் பெயரில். அதன் பிறகு பொதி லொறியில் ஏறிக் கொழும்புக்கு இறங்குகிறது. ஏலம் 1883இலிருந்து கொழும்பில்தான். அங்கே தரகருக்குத் தரகுக்கூலி, களஞ்சியக்காரருக்கு வாடகை, கலந்து பொதி செய்து பெயர் ஒட்டும் ஏற்றுமதியாளருக்கு லாபம், கடன் கொடுத்த வங்கிக்கு வட்டி, காப்புறுதிக்கு ஒரு பங்கு, துறைமுகத்துக்குக் கட்டணம். இவ்வளவும் மேல் மாகாணம். 1992இல் தோட்டங்கள் தனியார் முகாமைக்குப் போனபோது உருவான கம்பனிகளின் தலைமை அலுவலகங்களும் பெரும்பாலும் கொழும்பில்தான், ஆகவே அந்த அலுவலகச் சம்பளங்களும் அங்கேதான் எழுதப்படும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தரகரின் வேலையும் வேலைதான், துறைமுகத்துப் பாரந்தூக்கிக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மலையில் மழை பெய்யாமல் கொழுந்து குறைந்தால் கொழும்பில் அத்தனை பேருக்கும் வேலை குறையும். மேல் மாகாணத்தின் 43க்குள் நுவரெலியாவின் மலையும் பதுளையின் மலையும் இருக்கின்றன, வேறு பெயரில். சிறிய நாட்டின் லட்சணமே இது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் சரிபாதி. அதில் மேல் மாகாணம் 3,684 சதுர கிலோமீட்டர், அதாவது 6 சதவீதம்கூட இல்லை. பிரதான துறைமுகம் ஒன்று, பிரதான விமான நிலையம் ஒன்று, வங்கித் தலைமையகங்கள் எல்லாம் ஒரே நகரத்தில். இந்தியா மாதிரி நாட்டில் மும்பைக்குப் போட்டியாகச் சென்னை, பெங்களூர் என்று நாலைந்து நகரங்கள் இருக்கும், பதிவும் பரவலாகப் பிரியும். இங்கே வாசல் ஒன்றுதான். எல்லாப் பொருளும் அந்த வாசலைத் தாண்டும்போது வாசல் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாகாணங்களிலும் தனித்தனியாகக் கணக்கெடுத்துக் கூட்டி நாட்டின் மொத்தத்துக்கு வருவதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டு மொத்தத்தைத் துறைதுறையாகப் போட்டுவிடும். மத்திய வங்கி அதை எடுத்து, ஒவ்வொரு துறைக்கும் பொருத்தமான குறிகாட்டிகளை வைத்து மாகாணங்களுக்குப் பிரிக்கும். நெல்லுக்கு இது சுலபம், எந்த மாவட்டத்தில் எவ்வளவு விளைந்தது என்று தெரியும். வங்கி, தொலைத்தொடர்பு, மொத்த வியாபாரம் என்று வரும்போதுதான் சிக்கல். கிளிநொச்சிக் கிளையில் ஒருவர் வைப்பில் போடும் காசு கொழும்பில் ஒரு கட்டடக் கம்பனிக்குக் கடனாகப் போகிறது. வட்டி வித்தியாசத்தில் பிறந்த மதிப்பு யாருடையது? வைப்பு வாங்கிய கிளைக்கா, கடன் கொடுத்த கிளைக்கா, இரண்டையும் இணைத்த தலைமையகத்துக்கா? மூன்றுக்கும் நியாயம் சொல்லலாம். எதைத் தேர்ந்தாலும் நாட்டு மொத்தம் ஒரு ரூபாயும் மாறாது, மாகாணப் பங்கு மட்டும் மாறும். அதனால்தான் ஒரு மாகாணத்தின் பங்கு அரை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று யாராவது பத்திரிகையில் தலைப்புப் போட்டால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

மின்சாரம் இதைவிட வேடிக்கை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட், நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. இருப்பது புத்தளம் மாவட்டம், அதாவது வடமேல் மாகாணம். மின்சாரம் பிறந்த இடத்தில் எழுதுவது என்று முடிவு செய்தால், கொழும்பில் எரியும் விளக்கு வடமேல் மாகாணத்தின் உற்பத்தி. மழை நன்றாகப் பெய்து விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்கள் நிரம்பும் வருடத்தில் அதே விளக்கு மத்திய மாகாணத்தின் உற்பத்தி. தண்ணீருக்கு நிலக்கரி மாதிரி காசு கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, ஆகவே ஒரே அலகு மின்சாரத்தில் செலவு போக மிஞ்சும் மதிப்பும் அங்கே அதிகம். ஆக, ஒரு பருவமழை ஒழுங்காக வந்ததால் இரண்டு மாகாணங்களின் கணக்கு ஆடும். அந்த மாகாணங்களில் யாருடைய சட்டைப்பையிலும் ஒன்றும் கூடியிருக்காது, குறைந்துமிருக்காது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம், கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அங்கே போனவர்கள் சொல்வது வழக்கம்: "என்னப்பா, நாட்டிலேயே ஆகக் குறைந்த உற்பத்தி என்கிறார்கள், பார்த்தால் மாடி வீடும் மார்பிளுமாக இருக்கிறதே." இரண்டும் உண்மைதான். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ மகன் அனுப்பும் காசு மாகாண உற்பத்திக்குள் வராது, ஏனென்றால் அது அங்கே உற்பத்தியானதில்லை. பலர் நினைப்பதுபோல மொத்தத் தேசிய வருமானத்திலும் (நாட்டில் வாழ்பவர்கள் உள்ளேயும் வெளியேயும் ஈட்டியதைக் கூட்டும் கணக்கு) அது வராது. ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் வாழ்பவர் அனுப்புவது கணக்கியலில் நன்கொடை மாதிரி, மாற்றல் என்று தனி வரியில் போகும். அந்த வரி மாகாண அட்டவணையில் கிடையாது.

அந்தக் காசு செலவாகும்போதுதான் துண்டு துண்டாகத் தலைகாட்டும். கோண்டாவிலில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வையுங்கள். மேசனுக்கும் தச்சருக்கும் கொடுக்கும் கூலி வட மாகாணத்துக் கட்டுமானத் துறையில் வரும். கடைக்காரர் சீமெந்துப் பையில் வைக்கும் லாபம் வட மாகாணத்து வியாபாரத்தில் வரும். ஆனால் அந்தச் சீமெந்து அங்கே அரைத்ததில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது, நின்றதுதான். பை புத்தளத்திலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வருகிறது, அந்த மதிப்பு அந்த மாகாணங்களில் எழுதப்படும். நிலத்துக்குப் போடும் ஓடு மேல் மாகாணத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தால் அதன் பெரும்பங்கு மேல் மாகாணத்துக்கு, இறக்குமதி என்றால் அந்தப் பங்கு நாட்டுக்கே இல்லை. டொரொண்டோவில் உழைத்த காசு கோண்டாவிலில் வீடாகி, அதன் மதிப்பில் நல்லதொரு பங்கு வேறு மாகாணத்தின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. வடக்கில் வாழ்க்கை உற்பத்தியைவிடப் பெரிதாகத் தெரிவதற்கும், அந்தப் பெரிதான வாழ்க்கை அங்கே தொழிலாக முளைக்காததற்கும் இதே காரணம்தான்.

இது வடக்கின் கதை மட்டும் இல்லை. நாடு முழுவதற்கும் தொழிலாளர் அனுப்பிய பணம் 2020இல் 7 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது, நெருக்கடி வந்த 2022இல் 3.8 பில்லியனுக்கு விழுந்தது. 2022இல் நாட்டின் மொத்த உற்பத்தியே 77 பில்லியன் டொலர் அளவில்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். மட்டக்களப்பிலும் குருநாகலிலும் வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகள் எத்தனையோ. அந்த வீடுகளில் அடுப்பு எரிவதும் அணைவதும் மாகாண அட்டவணையில் நேரடியாக எங்குமே தெரியாது.

வேலை ஒரு இடம், வீடு ஒரு இடம் என்பது இன்னொரு சங்கடம். உலகத்தில் இதற்குப் பெயர்போன உதாரணம் லக்சம்பர்க். அங்கே வேலை செய்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். உற்பத்தியில் அவர்கள் உண்டு, மக்கள்தொகையில் இல்லை, ஆகவே தலைக்கு உற்பத்தி வானத்தைத் தொடும். நம்மூரில் நாட்டு எல்லைக்குப் பதிலாக மாகாண எல்லை. கேகாலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கொழும்பு அலுவலகத்துக்கு வருபவர் மேல் மாகாணத்தில் உற்பத்தி செய்து சப்ரகமுவவில் தூங்குகிறார். 2011இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்த பிறகு காலியிலிருந்தும் இப்படி வர ஒரு வழி கிடைத்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்து ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் வேறு மாதிரி. மொனராகலையிலிருந்தும் அனுராதபுரத்திலிருந்தும் வந்து போர்டிங்கில் நாலைந்து பேராக ஒரு அறையில் இருப்பார்கள், சம்பளத்தில் முடிந்ததை வீட்டுக்கு அனுப்புவார்கள். உற்பத்தி கம்பஹா மாவட்டத்தில். அந்தச் சம்பளத்தில் கூரை மாறிய வீடு ஊவாவில்.

அப்புறம் வகுக்கும் எண். மேலே நான் 2012 எண்ணிக்கையை எடுத்தேன், அதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கில் 1981க்குப் பிறகு முழுமையாக எண்ணியது 2012இல்தான். நடுவில் 2001இல் எடுத்தது 18 மாவட்டங்களில்தான் முழுமையடைந்தது. முப்பது வருடம் மதிப்பீட்டிலேயே ஓடிய ஒரு மாகாணத்தில், மதிப்பீடு 12 லட்சம் என்று சொல்லி, எண்ணும்போது 10.6 லட்சம்தான் இருக்கிறார்கள் என்று தெரியவந்தால் (12 என்பது ஒரு உதாரணத்துக்கு), ஒரே இரவில் தலைக்கு உற்பத்தி 13 சதவீதம் ஏறும். ஒரு கத்தரிக்காய்கூடக் கூடுதலாக விளைந்திருக்காது. இப்போது 2024 கணக்கெடுப்பு வந்துவிட்டது, நாட்டு மொத்தம் 2 கோடியே 17 லட்சம் அளவில் நிற்கிறது. இனி வரும் தலைக்கணக்குகளை அதோடுதான் பார்க்க வேண்டும், பழையதையும் புதியதையும் கலந்து ஒரு கோடு வரைந்து வளர்ச்சி என்று காட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மேலே போட்ட இரண்டு மடங்கு என்ற கணக்கு இதனால் பெரிதாக மாறப்போவதில்லை.

வளர்ச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. மாகாண அட்டவணை நடப்பு விலையில் இருப்பது, அதாவது விலையேற்றத்தைக் கழிக்காமல் அந்தந்த வருடத்து விலையிலேயே போட்டது. இதை மறந்துவிட்டு 2022ஐப் பார்த்தால் தலை சுற்றும். கேஸ் சிலிண்டருக்கு வரிசை, பெட்ரோலுக்கு கியூஆர் கோட், ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த வருடம் அது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கும் உண்மை உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஆனால் நடப்பு விலையில் நாட்டு மொத்தம் ஏறத்தாழ 17.6 டிரில்லியன் ரூபாயிலிருந்து 24 டிரில்லியனுக்கு ஏறியது. விலைவாசிதான் ஏற்றியது, செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. டொலரில் போட்டால் அதே வருடம் வேறு மாதிரித் தெரியும், ஏனென்றால் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டிவிட்டது. உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறினால், முந்தைய வருடத்து இரசாயன உர இறக்குமதித் தடையில் அடிபட்டு மூட்டை குறைந்த நெல்லும் காசாகப் பெரிதாகத் தெரியும், நெல் விளையும் மாகாணங்களின் பங்கும் அதனால் தாங்கிப் பிடிக்கப்படும். பங்கு ஏறியது என்றால் விளைச்சல் ஏறியது என்று அர்த்தம் இல்லை.

வடக்கில் ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்டீர்களே, அதற்கு எதிர்ப்பக்கத்து ஏமாற்றமும் உண்டு. போர் முடிந்த கையோடு சில வருடங்கள் வட மாகாணம் நடப்பு விலையில் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாக அட்டவணை காட்டியது, நாட்டிலேயே முதல் இடம். அரசாங்க மேடைகளில் அந்த எண்ணைப் பெருமையோடு வாசித்தார்கள். எண் பொய் இல்லை. ஆனால் அடிமட்டத்தில் கிடந்த ஒன்று எழுந்து உட்கார்ந்தாலே சதவீதம் பெரிதாகத்தான் வரும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தது, வங்கிக் கிளைகள் வரிசையாக வந்தன, வீதி போட்டார்கள், வீடு கட்டினார்கள், 2014 அக்டோபரில் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. கட்டுமானமும் வியாபாரமும் அரசாங்க நிர்வாகமும் ஏறின. இதில் நிர்வாகம் என்பது இன்னொரு சூட்சுமம்: அரசாங்க அலுவலகத்தின் உற்பத்தியைச் சந்தையில் விலை போட்டு அளக்க முடியாது, ஆகவே அதற்கான செலவையே உற்பத்தி என்று எழுதுவார்கள். ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்தால் அந்தச் சம்பளமே உற்பத்தி. தனியார் தொழில் மெலிந்த ஒரு மாகாணத்தில் அரசாங்கச் சம்பளப் பட்டியல் பெரியதாக இருந்தால் அட்டவணை ஓரளவு சதைப்பிடிப்பாகவே தெரியும். வீதி போட்டு முடிந்ததும் அந்த 20 சதவீதமும் போய்விட்டது.

நீண்டகாலப் போக்குக்கும் இதே எச்சரிக்கை. 2000களின் நடுவில் மேல் மாகாணத்தின் பங்கு ஏறத்தாழப் பாதி. பிறகு இறங்கி இறங்கி, 2010களின் பிற்பாதியில் 40க்குச் சற்றுக் கீழே. இப்போது 43. பார்த்தால் முதலில் கிராமங்கள் எழுந்தன, பிறகு கொழும்பு மறுபடி முந்தியது என்று ஒரு அழகான கதை சொல்லலாம். ஆனால் நடுவில் நாட்டுக் கணக்கின் அடிப்படை வருடம் (துறைகளின் அளவுக்கு அளவுகோலாக எடுக்கும் வருடம்) 2002இலிருந்து 2010க்கும், பிறகு 2015க்கும் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்தத் துறை எவ்வளவு பெரியது என்பதே மாறும், அதோடு மாகாணப் பங்கும் நகரும். ஒரே அடிப்படை வருடத்துக்குள் ஒப்பிட்டால் சரி. தாண்டி ஒப்பிடுவது, முழத்தால் அளந்த வேட்டியை மீட்டரால் அளந்த வேட்டியோடு வைத்துப் பார்ப்பது மாதிரி. அயர்லாந்தும் சிறிய நாடுதான், அங்கே 2015இல் சில பன்னாட்டுக் கம்பனிகள் தங்கள் சொத்துகளைக் காகிதத்தில் அங்கே மாற்றிக்கொண்டதால் ஒரே வருடத்தில் 26 சதவீத வளர்ச்சி என்று அறிவித்து உலகமே சிரித்தது. பிறகு அவர்களே இந்த மாதிரி வீக்கத்தைக் கழித்துத் தனியாக ஒரு தேசிய வருமான அளவை உண்டாக்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிய எதைப் பார்ப்பது? வீட்டு வருமானச் செலவு அளவீட்டை. அதே திணைக்களம்தான் எடுக்கிறது, வீடு வீடாகப் போய்க் கேட்கிறது, வெளிநாட்டுக் காசும் அதில் வரும், மாவட்ட அளவிலும் கிடைக்கும். 2019 அளவீட்டில் நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். ஆனால் குடும்பங்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு 53,333தான். மேலே இருக்கும் கொஞ்சப் பேர் சராசரியை எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண் போதும். வறுமை நாட்டில் 14.3 சதவீதம், கொழும்பு மாவட்டத்தில் 2.3, முல்லைத்தீவில் 44.5. இங்கேதான் எனக்கு உறைக்கிறது. யாழ்ப்பாணத்து மாடி வீடும் முல்லைத்தீவின் 44.5ம் ஒரே வட மாகாணம், அட்டவணையில் ஒரே வரி. மத்திய மாகாணமும் அப்படித்தான், கண்டி நகரமும் நுவரெலியாவின் லயங்களும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) சேர்ந்து ஒரு எண்ணாகிவிடுகின்றன. வடக்குக்கும் மேற்குக்கும் இருக்கும் இரண்டு மடங்கு இடைவெளியைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறோம், மாகாணத்துக்குள்ளேயே இருக்கும் இடைவெளியைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உற்பத்தி என்பது கூலியும் லாபமும் சேர்ந்தது. தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயமானது, 2024இல் 1,350. அந்த ஏற்றத்துக்கு எத்தனை வருடப் போராட்டம். ஆனால் தேயிலையின் விலையும் அளவும் அப்படியே இருந்து கூலி மட்டும் ஏறினால், மத்திய மாகாணத்தின் உற்பத்தி ஒரு ரூபாய்கூட மாறாது. கம்பனியின் பக்கத்திலிருந்து தொழிலாளியின் பக்கத்துக்குக் காசு நகர்ந்ததை அந்த எண் பார்ப்பதே இல்லை. ஆகவே மாகாணங்களை ஒப்பிட வேண்டுமென்றால் பங்கை மக்கள் பங்கால் வகுத்துவிட்டு, பக்கத்திலேயே வீட்டு வருமானத்தை மாவட்ட அளவில் எடுத்து வையுங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். உற்பத்தி ஏறி வீட்டு வருமானம் அசையாமல் இருந்தால் அங்கே பெரிய ஆலையோ மின் நிலையமோ வந்திருக்கும். வீட்டு வருமானம் ஏறி உற்பத்தி அசையவில்லை என்றால் வெளியிலிருந்து காசு வருகிறது.

மன்னாரில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறந்தார்கள், கடற்கரையோரமாக 30 காற்றாலைகள், 100 மெகாவாட். மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகிறது, வருமானம் மின்சார சபைக்குப் போகிறது, காவலுக்கும் பராமரிப்புக்கும் கொஞ்சப் பேர் போதும். மன்னார் மாவட்டத்தில் 2012இல் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. அடுத்த அட்டவணையில் வடக்கின் வளர்ச்சி எதிர்பார்த்ததைவிடக் கால் சதவீதம், அரை சதவீதம் கூடியிருந்தால், யார் யார் தொழில் தொடங்கினார்கள் என்று தேடுவதற்கு முன், அந்த வருடம் மே முதல் செப்டம்பர் வரை மன்னாரில் காற்று எப்படி அடித்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.